மிச்சமிருந்த சொதி

2023 மே 15, திங்கட்கிழமை, மாலை நான்கு மணி. வெளியே கத்திரி வெயில். பாளையங்கோட்டை மருத்துவமனை ஒன்றில், புது மருமகன் நெல்லைநாயகத்தின் கட்டிலருகே உலகம்மாள் தலைகுனிந்து அமர்ந்திருந்தாள்.

முந்தின நாள் மறுவீட்டு விருந்து. மதியம் வைத்த சொதிக் குழம்பை இரவிலும் அவனுக்கு மட்டும் ஊற்றினாள். மறுபடி கொதித்தால் தேங்காய்ப்பால் திரிந்துவிடும் என்று, இரவில் சூடாக்கும்போது இளஞ்சூட்டிலேயே இறக்கியிருந்தாள். விடியுமுன் வாந்தியும் பேதியும். அவனோ டாக்டரிடமும் தன் தாயிடமும், "ரோட்டோரம் பஜ்ஜி தின்னேன்" என்று சாதித்துவிட்டான். மாமியாரின் மானம் தப்பியது. ஆனால் மிச்சச் சொதி அன்றிரவே சம்பந்தி வீட்டுக்குப் போயிருந்தது.

டாக்டர் வந்ததும் உலகம்மாள் எழுந்தாள். "பஜ்ஜி இல்லம்மா. நான் ஊத்துன சொதிதான்."

"அத்தை, சும்மா இருங்க!" என்றான் மருமகன்.

"இந்த வெயில்ல அவ்வளவு நேரம் வெளிய கிடந்ததைக் கொதிக்க வச்சாலும் நம்ப முடியாதும்மா. ஆறினதுமே ஃப்ரிட்ஜுல வச்சிருக்கணும்" என்றார் டாக்டர்.

உலகம்மாள் அங்கேயே சம்பந்தியை போனில் கூப்பிட்டாள். "மதினி, அந்தச் சொதியக் கொட்டிருங்க. மாப்பிள்ளைக்கு அதுதான் சேரல. தப்பு என் மேலதான்."

மறுமுனையில் சம்பந்தியின் குரல் கட்டில்வரை கேட்டது.

"ராத்திரி இடியாப்பத்துக்குன்னு வச்சிருந்தேன். நல்லவேளை சொன்னிய, மதினி. அப்ப காலையிலேருந்து அந்தப் பஜ்ஜிக்கடைக்காரன வைஞ்சதெல்லாம் வீணா?"

மருமகன் போர்வைக்குள் சிரித்தான். டாக்டர், வீட்டுக்குப் போகலாம் என்று எழுதிக் கையொப்பமிட்ட தாளை உலகம்மாளிடமே கொடுத்தார்.