இருபத்து மூன்று சென்டிமீட்டரில் அண்ணன்

எனக்கும் அண்ணனுக்கும் பேச்சு நின்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. காரணம் ஒரு கேபிள். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். சொத்துக்காகக் கோர்ட் ஏறுகிற குடும்பங்களைவிட நாங்கள் எவ்வளவோ மேல்.

இரண்டு பேருமே அமெச்சூர் ரேடியோக்காரர்கள், சொந்தமாக ரேடியோ வைத்துத் தூரத்து ஆட்களோடு பொழுதுபோக்காகப் பேசுகிறவர்கள். அந்த வருடப் போட்டிக்கு ஒரே அணியாகப் போனோம். ஆன்டெனாவிலிருந்து ரேடியோவுக்கு இறங்குகிற கேபிள் தடியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வருகிற சிக்னலில் பாதியை அதுவே தின்றுவிடும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். அவன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "வெட்டிச் செலவு" என்று மெல்லிய கேபிளை இழுத்துக் கட்டிவிட்டு, அதைப்போல மூன்று மடங்கு விலைக்கு, நாங்கள் அனுப்புகிற சிக்னலைப் பெருக்க ஒரு ஆம்ப்ளிஃபயர் வாங்கி வந்தான். நாங்கள் பேசியது எல்லாருக்கும் கேட்டது. எல்லாரும் பேசியது எங்களுக்குக் கேட்கவில்லை. கடைசி இடம் வந்தோம்.

அதோடு விட்டானா? சித்தப்பா வீட்டில் சொந்தக்காரர்கள் கூடியிருந்தபோது, "இவளுக்குக் காது மந்தம், அதான் தோத்தோம்" என்று என் மானத்தை வாங்கினான். நான் செயற்கைப் பல் செய்கிறவள். ஒரு பல் மயிரிழை உயரமாக இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். என்னைப் பார்த்து மந்தம் என்றால் எப்படி இருக்கும்? எழுந்து வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அவன் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. அவன் குரலைக் கேட்க வேண்டும்போல் இல்லாத நாளே கிடையாது. ஆனால் முதலில் நான் இறங்கிப் போவதாக இல்லை. என்னை இழுத்து வைத்து அறுத்தாலும் மாட்டேன்.

இந்த வருடம் வீட்டிலிருந்தே தனியாகப் போட்டிக்கு உட்கார்ந்தேன். ஆன்டெனாவைத் திருப்புகிற மோட்டார் காலையிலேயே மண்டையைப் போட்டது. அதனால் என் வீட்டுக்காரர் மொட்டை மாடியில் நின்று கம்பத்தைக் கையால் திருப்பினார். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர், திருப்புவது அவருக்குப் பழக்கம்தான். நான் ஜன்னல் வழியாகத் திசை சொல்வேன், அவர் திருப்புவார். கல்யாணமானதிலிருந்து அவர் இவ்வளவு சொன்ன பேச்சு கேட்டு நான் பார்த்ததில்லை.

போட்டி மிகவும் எளிது. ஒருவர் பொதுவாக அழைப்பார், கேட்கிற ஒருவர் பதில் சொல்வார். சிக்னல் எப்படிக் கேட்கிறது (தெளிவுக்கு ஒன்று, பலத்துக்கு ஒன்று என இரண்டு எண்), அந்த அலைவரிசையில் இது தனக்கு எத்தனையாவது தொடர்பு, தான் வரைபடத்தில் எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்ற மூன்றையும் இருவரும் மாற்றிக்கொண்டால் புள்ளி. தூரம் கூடினால் புள்ளியும் கூடும். அதே ஆளை வேறு அலைவரிசையில் பிடித்தால் அதற்குத் தனிப் புள்ளி.

மத்தியானம் இரண்டு மீட்டர் அலைவரிசையில் நான் அழைத்தபோது, இரைச்சலுக்கு அடியிலிருந்து ஒரு குரல், ரேடியோவில் எனக்குப் பெயரான அழைப்புக்குறியைச் சொன்னது. அண்ணன். தூரத்து மலை ஊரில் லிஃப்ட் மெக்கானிக்காக இருக்கிறான். நான் எல்லாரையும்தான் அழைத்தேன், அவனும் ஒருவனாக வந்தான். ஆக, முதலில் கூப்பிட்டது யார் என்பது இன்றுவரை முடிவாகவில்லை.

"அஞ்சு மூணு. நம்பர் எண்பத்தேழு," என்று கட்டத்தையும் சொன்னான். நானும் என்னுடையதைச் சொன்னேன், அவ்வளவுதான். பிறகு ஒரு நொடி விட்டுக் கேட்டான்.

"உங்ககிட்ட எழுபது சென்டி இருக்கா?"

பிறந்ததிலிருந்து என்னை "ஏய்" என்றே கூப்பிட்டவன். "இருக்குங்க," என்றேன்.

எழுபது சென்டிமீட்டரில் திசை கொஞ்சம் பிசகினாலும் ஆள் காணாமல் போய்விடுவான். "இடது பக்கம். இன்னும் கொஞ்சம். போதும், அசையாதீங்க," என்று மாடிக்குச் சொன்னேன். அண்ணன் வந்தான். அங்கே அவன் நம்பர் பன்னிரண்டு. மறுபடியும் ஒரு நொடி.

"இருபத்து மூணு சென்டி?"

இந்தப் பக்கத்தில் அந்த அலைவரிசை வைத்திருப்பவள் நான் ஒருத்திதான். அது அவனுக்குத் தெரியும். அவனிடம் அது இருந்ததில்லை, அது எனக்குத் தெரியும். "இருக்கு," என்றேன். மரியாதையை மறந்துவிட்டேன்.

அங்கே போனால் வெறும் இரைச்சல். அவ்வளவு தூரத்துக்கு அந்த அலை சும்மா எட்டாது. நடுவழியில் ஒரு விமானம் பறக்க வேண்டும். அதன் மேல் பட்டுத் தெறித்து ஒரு நிமிடம்போலக் கேட்கும். விமானங்களைக் காட்டுகிற வரைபடத்தைத் திறந்து வைத்தேன். புள்ளி ஒன்று மெல்ல நகர்ந்து வந்தது.

"அஞ்சு ஒண்ணு," என்றது குரல். "நம்பர் ஒண்ணு."

போட்டி முடிய ஒரு மணி நேரமே இருக்கிறபோது நம்பர் ஒன்று. அந்த அலைவரிசையில் அவன் வேறு யாரோடும் பேசவில்லை, பேசவும் யாரும் இல்லை. என் ஒருத்திக்காக ஒரு ஆன்டெனாவைச் செய்து, கம்பத்தில் ஏறிக் கட்டியிருக்கிறான். நம்பரைச் சொல்ல வேண்டும், கட்டத்தைச் சொல்ல வேண்டும், விமானம் நிற்காது.

"அண்ணா, என்ன கேபிள் போட்டிருக்க?" என்றேன்.

"தடி கேபிள்தான். நீ சொன்னதேதான். உன் நம்பர்..."

விமானம் போய்விட்டது.

மாடியிலிருந்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "நம்பர் சொல்லிட்டியா?"

"இல்ல."

"கட்டம்?"

"இல்ல."

"அப்ப என்னதான் சொன்ன?"

"கேபிளப் பத்திக் கேட்டேன்."

கம்பத்தைப் பிடித்தபடியே, "நான் கையை எடுக்கலாமா?" என்றார். கூடாது என்றேன்.

போன் அடித்தது.

"ஏய்," என்றான் அண்ணன். "உன் நம்பர் என்ன?"

"போன்ல சொல்லக் கூடாது. ரேடியோலதான் சொல்லணும், அதான் ரூல்."

"சொன்னா யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும்."

"நீ திருந்தவே மாட்ட," என்றான். "அடுத்த ஃப்ளைட் எப்ப?"

வரைபடத்தைப் பார்த்தேன். "அரை மணி நேரம் ஆகும்."

"சரி," என்றான். "அதுவரைக்கும் லைன்லயே இரு."