குஞ்சப்பூ

சம்பூர்ணம் ஐஸ் பெட்டியின் கண்ணாடி மூடியைத் தூக்கி, உள்ளே கைவிட்டு, சணல் பையைத் தடவிப் பார்த்தாள். "சில்லுனுதான் இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மூடியை மெல்ல இறக்கினாள். தூளியில் தூங்கும் பிள்ளையை எட்டிப் பார்த்துவிட்டு வருகிறவளைப் போல அவள் ஓசைப்படாமல் நகர்ந்தது அழகேசனுக்குச் சிரிப்பை வரவழைத்தது. சாவு விழுந்த வீடுகளுக்கு ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுவது அவர் தொழில். பெரம்பலூரில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு, தெரிந்ததாகக் காட்டிக்கொள்கிறவர்கள் அதைவிடக் குறைவு. கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பெட்டிகள் இருக்கும் பக்கமே திரும்பாத மனைவி, இப்போது பல் விளக்கும் முன்னால் அங்கேதான் போய் நிற்கிறாள்.

பையில் இருந்தவை டூலிப் கிழங்குகள். அரியலூரில் வாழ்க்கைப்பட்டிருக்கும் மகள் நந்தினி, ஐப்பசியில் ஆன்லைனில் வாங்கி அனுப்பியவை. பார்ப்பதற்குக் கொஞ்சம் பெருத்த வெங்காயம்தான், தோல்கூட அதே பழுப்பு. பூவின் படத்தையும் மகள் செல்லுக்கு அனுப்பியிருந்தாள். சிவப்பு இதழ்களின் ஓரமெல்லாம், முந்தானையில் நூல் பிரித்து விட்டதுபோலப் பிசிறு பிசிறாக இருந்தது. சம்பூர்ணம் அன்றைக்கே குஞ்சப்பூ என்று பெயர் வைத்துவிட்டாள். மாதக்கணக்கில் குளிரில் கிடந்தால்தான் அது மண்ணில் பூக்குமாம். வீட்டு ஃப்ரிட்ஜில் பழங்களோடு வைத்தால் மொட்டு உள்ளேயே கருகிவிடுமாம். "குளிருக்கு நம்ம வூட்ல என்னம்மா பஞ்சம்?" என்று நந்தினி போனில் சிரித்தாள்.

சம்பூர்ணம் சிரிக்கவில்லை. அவள் கைக்கு எந்தச் செடியும் பூக்கும். ஆனால் அவள் பறித்துக் கொடுத்த மல்லியைத் தெருவில் ஒருத்தியும் தலையில் வைத்துக்கொண்டதில்லை. பல்லைக் காட்டி வாங்கிக்கொண்டு போய்ச் சாக்கடையில் போட்டுவிடுவார்கள். அதை அவள் ஒருமுறை கண்ணாலேயே பார்த்திருக்கிறாள். "பேரே தெரியாத பூவுக்கு யாரும் தீட்டு சொல்ல முடியாதுல்ல" என்றாள்.

மகள் அப்போது உண்டாகியிருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். அதற்கு ஒரு முட்டுக்கட்டை விழுந்தது. சம்பந்தி கிருஷ்ணம்மாள் கெட்ட மனுஷி இல்லை, மனதில் பட்டதைச் சொன்னாள். "தப்பா எடுத்துக்காதீங்க. பொணம் படுத்த பெட்டி கெடக்குற வூட்டுக்குப் புள்ளத்தாச்சிய எப்புடிங்க அனுப்புறது?" அழகேசனைப் பெற்றவளே இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள். துறையூர் ரோட்டில் ஒரு கொட்டகை பிடித்துப் பெட்டிகளை அங்கே மாற்றினார். பழைய பெட்டி ஒன்றை மட்டும் கழுவி, பெயிண்ட் அடித்து, கிழங்குக்காகப் பின்கட்டில் வைத்துக்கொண்டார். இனி அதில் எந்த உடலையும் வைக்கமாட்டேன் என்று கிருஷ்ணம்மாள் முன்னால் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தார். தையில் வளைகாப்பு முடிந்ததும் மருமகளை அனுப்ப அவளும் ஒப்புக்கொண்டாள்.

மார்கழிக் கடைசியில் கருப்பண்ணன் வந்தார். செட்டிகுளம் பக்கம் வெங்காயக் காட்டைக் குத்தகைக்குப் பிடித்து உழுகிறவர். அன்று சம்பூர்ணம் மகளைப் பார்க்க அரியலூர் போயிருந்தாள். கொட்டகைப் பெட்டிகள் எல்லாமே வெளியே போயிருந்தன. கருப்பண்ணனின் மகள் மஞ்சு, பிரசவத்துக்கு வந்திருந்த பெண், ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு டூவீலரில் திரும்பும்போது ஜல்லி லாரி அடித்து இறந்துபோனாள். மருமகன் துபாயிலிருந்து வந்து சேர மறுநாளாகும்.

"அவன் வந்து மொகத்தப் பாக்கற வரைக்கும் தாங்கணும்ணே" என்றார் கருப்பண்ணன். அவர் அழவில்லை. சட்டையில் காய்ந்துபோயிருந்த ரத்தத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே நின்றார். "வயித்துல ஏழு மாசம்."

அந்த ஒரு வார்த்தையில் அழகேசன் உடைந்துபோனார். நந்தினிக்கும் கணக்கு ஏறத்தாழ அதுதான். இல்லை என்று சொல்ல வாய் திறந்து, "எடுத்துக்கிட்டுப் போவோம்" என்று சொன்னார். பெட்டியைத் திறந்தபோது பை கண்ணில் பட்டது. வெளியே எடுத்து வைத்தால் இத்தனை நாள் வாங்கிய குளிர் வீண். ஃப்ரிட்ஜில் கொய்யாவும் வாழைப்பழமும் அடைந்து கிடந்தன. ஆள்கள் வண்டியை உறும விட்டுக்கொண்டிருந்தார்கள். உடலைக் கிடத்தும் தகட்டுக்கு அடியில் பையைத் தள்ளிவிட்டார். பழத்தை எடுத்து வெளியே வைத்திருக்கலாமே என்ற யோசனை, வண்டி நாலு ரோட்டைத் தாண்டிய பிறகுதான் வந்தது.

பெட்டி மறுநாளே திரும்பியது. சம்பூர்ணம் வருவதற்குள் அதை டெட்டால் போட்டு மூன்று தரம் கழுவினார். பையின் ஒரு மூலை பிரிந்திருந்ததைக் கவனித்தார், முடிச்சுப் போட்டுவிட்டார். கிழங்கையும் தூக்கி எறிந்துவிடத்தான் நினைத்தார். ஆனால் சம்பூர்ணம் வந்ததும் வராததுமாகப் பின்கட்டுக்குப் போய்ப் பையைத் தடவி, "சில்லுனுதான் இருக்கு" என்றாள். அதற்குமேல் அவரால் எதுவும் செய்ய முடியவில்லை. சொல்லிவிட்டால் மகள் வரமாட்டாள். சொல்லாவிட்டால் நெஞ்சு அறுக்கும். அறுக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

தையில் கிழங்குகள் தொட்டிக்குப் போயின, மாசியில் மொட்டு விட்டன. ஈரச் சாக்கைச் சுற்றி, நிழலை நகர்த்தி நகர்த்தி சம்பூர்ணம் அவற்றைக் காபந்து பண்ணினாள். பாதி முளையிலேயே அழுகிவிட்டது. மிச்சம் படத்தில் இருந்த உயரம் வரவில்லை, ஒரு சாண்கூட இல்லை. ஆனால் இதழ் ஓரத்தில் அந்தப் பிசிறு அப்படியே இருந்தது. நந்தினி வந்து, நிறைவயிறோடு தொட்டிகளுக்குப் பக்கத்தில் சேரைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். இந்த வீட்டில் அவளை இத்தனை சந்தோஷமாக அழகேசன் பார்த்ததே இல்லை. பள்ளிக்கூடத்தில் அவளைப் பொணப்பெட்டி என்று கூப்பிட்ட காலத்தில் அவள் இந்தக் கொல்லையில்தான் வந்து அழுவாள். இரவில் அவள் லேசாக முனகினாலும் அழகேசன் எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

அன்று காலை சம்பூர்ணம் ஒரு பூவைக் கிள்ளினாள்.

"வேணாம், செடியிலயே இருக்கட்டும்" என்றார் அழகேசன்.

"ஏங்க, பூவுன்னா பொண்ணு தலைக்குத்தான?" காம்பு போதாததால் ஹேர்பின்னால் செருகி, தள்ளி நின்று அழகு பார்த்தாள். அந்த வீட்டுப் பூ ஒன்று ஒருத்தி தலையில் ஏறியிருந்தது. சம்பூர்ணத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போதுதான் பக்கவாட்டுக் கேட்டுக்கு வெளியே கருப்பண்ணன் வந்து நின்றார். கையில் ஒரு பழைய பிளாஸ்டிக் வாளி. அழகேசன் ஓட்டமும் நடையுமாகப் போனார். அதற்குள் கருப்பண்ணன் நந்தினியைப் பார்த்துவிட்டு, தானாகவே இரண்டடி பின்னால் போனார்.

"பாப்பா இருக்கறது தெரியாம வந்துட்டேன்ணே. உள்ள வரலிங்க. நெறமாசப் புள்ள மேல என் நெழலு விழ வேணாம்."

"சரி, கொட்டகைக்குப் போங்க. நான் பின்னாடியே வரேன்" என்றார் அழகேசன் அடிக்குரலில்.

"இதக் குடுத்துட்டுப் போயிடறேன். அன்னைக்கு எம்மவளப் பெட்டியிலேருந்து தூக்கறப்ப, அவ காலடித் தகட்டுக்குக் கீழ ஒரு வெங்காயம் கெடந்துச்சு. வெத வெங்காயம்னு நெனச்சுட்டேன். வெதையத் தூக்கிப் போட மனசு வருமா? அவளப் பொதச்ச எடத்துலயே ஊனிட்டேன். பூவப் பாத்த பொறவுதான் வெங்காயம் இல்லன்னு தெரிஞ்சுது. ஒங்க பொருளாச்சேன்னு மண்ணோட எடுத்தாந்தேன்."

பேசிக்கொண்டே வந்தவர், கேட்டுக்கு உள்ளே இருந்த தொட்டிகளைப் பார்த்தார். பிறகு நந்தினியின் தலையைப் பார்த்தார். தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவருக்கும் புரிந்துபோயிற்று.

சம்பூர்ணம் புருஷனைப் பார்க்கவில்லை, பின்கட்டில் இருந்த பெட்டியைத்தான் பார்த்தாள். நந்தினியின் ஒரு கை வயிற்றில் இருந்தது. இன்னொரு கை மெதுவாகத் தலைக்குப் போய்ப் பூவைத் தொட்டது. பிடுங்கவும் இல்லை, விடவும் இல்லை, அங்கேயே நின்றது.

நீட்டிய வாளியை எப்படித் திரும்ப எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் கருப்பண்ணன் கேட்டுக்கு வெளியே நின்றார். வாளிக்குள் காம்பே இல்லாமல் மண்ணோடு மண்ணாக ஒட்டிப் பூத்திருந்த அந்தச் சிவப்பு, வெயில் ஏற ஏற இதழ்களை அகல விரித்துக்கொண்டிருந்தது.