வலக்கை வான்கோழிகள்

நாலு மணிக்குப் பெற்றோர் வரும்போது, கண்ணாடிக் கதவின் இரு பக்கச் சுவரிலும் ஐந்தைந்தாகப் பத்து வான்கோழிகள் கதவைப் பார்த்தபடி நிற்க வேண்டும். சிவகலாவுக்கு அன்று கொடுக்கப்பட்ட வேலை அதுதான்.

சுவிஸ் நாட்டின் சூக் நகரில் பதினொரு வருடமாக அலுவலகங்களைத் துப்புரவு செய்பவள் அவள். சனிக்கிழமைகளில் ஆரா நகருக்கு ரயிலேறிப் போய், இரண்டு வருடம் படித்துச் சிறுபிள்ளைப் பராமரிப்புச் சான்றிதழ் வாங்கியிருந்தாள். கீட்டா எனப்படும் இந்தப் பிள்ளைப் பராமரிப்பு இல்லத்தில் அன்று அவளுக்கு ஷ்னுப்பர் நாள். ஒரு நாள் முழுக்க வேலை செய்துகாட்ட வேண்டும், பிடித்தால் எடுப்பார்கள். இதற்கு முன் இரண்டு பராமரிப்பு இல்லங்களில் செய்துகாட்டி, இரண்டிலிருந்தும் 'வருந்துகிறோம்' என்று கடிதம் வந்திருந்தது.

ஆனாலும் அவளுக்குப் பயமிருக்கவில்லை. பிள்ளைகளுக்கு முன்னால் உட்கார்ந்தால் தன் கைகள் தாமாக வேலை செய்யும் என்பது அவளுக்குத் தெரியும்.

மறுநாள் அமெரிக்கர்கள் வான்கோழி சமைத்துக் கொண்டாடும் நன்றித் திருநாள். அங்கு வரும் பிள்ளைகளில் பாதிப்பேர் அமெரிக்க வீடுகளைச் சேர்ந்தவர்கள். மூன்று, நாலு வயதுப் பிள்ளைகளுக்கு ஏற்ற வான்கோழி எது என்று அவள் முன்னமே யோசித்து வந்திருந்தாள். உள்ளங்கைக்கு மண்ணிறம், நாலு விரலுக்கும் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு, பச்சை. பெருவிரல்தான் தலை. தாளில் அழுத்தி எடுத்து, காய்ந்தபின் கண்ணும் சொண்டும் காலும் கீறினால் முடிந்தது. வண்ணம் கையில் குளிரும் என்பதால் அதில் இளஞ்சூட்டு நீர் கலந்தாள். தூரிகை பட்டுக் கைகூசிய பிள்ளைகள் நெளிந்து சிரித்தார்கள்.

தியோ என்றொரு பையன் முறை வந்ததும் கையை நீட்டினான். பேச்சை நிறுத்தாமலே அவள் அதை மெல்ல விலக்கி, மற்றக் கையை எடுத்துப் பூசினாள். காய்ந்ததும் கண் கீறப் பேனையை அவள் அந்தக் கையிலேயே வைத்தபோது அவன் அதை மேசையில் போட்டுவிட்டான். களைத்துவிட்டான் போலும் என்று நினைத்து அவள் அடுத்த பிள்ளையிடம் போனாள்.

மூன்று மணிக்குப் படங்களை ஒட்டத் தொடங்கினார்கள். அவளுக்குத் துணையாக நின்றவள் ஜெனனி. இங்கேயே பிறந்து, அந்த வகுப்பில் வேலை பார்க்கும் இருபத்துநாலு வயதுத் தமிழ்ப் பெண். கதவின் வலப்பக்கத்து ஐந்தும் கதவைப் பார்த்தன. இடப்பக்கத்து ஐந்தும் கதவுக்கு வாலைக் காட்டின.

"அக்கா, இஞ்ச பாருங்கோ. இந்தப் பக்கத்துக் கோழியெல்லாம் கோவிச்சுக்கொண்டு போகுது!" என்று ஜெனனி சிரித்தாள்.

சிவகலா படங்களைப் பார்த்தாள். பத்தும் ஒரே பக்கம் பார்க்கும் தலைகள்.

"எல்லாம் வலக்கை," என்றாள் ஜெனனி. "ஒரு இடக்கைகூட இல்லையோ?"

"நான் நினைச்சுச் செய்யேல்லை, பிள்ளை."

"அது தெரியும். கோயில்ல திருநீறு வாங்க இடக்கையை நீட்டி நானும் எத்தினை தரம் அடி வாங்கியிருப்பன்! எங்கட ஆக்கள் எல்லாரும் உப்பிடித்தான்." குரலைத் தாழ்த்தினாள். "பத்தையும் வலப்பக்கமே ஒட்டுவம். ஊர்வலம் போகுது எண்டு சொன்னாப் போச்சு. ஒருத்தருக்கும் விளங்காது."

நல்ல யோசனைதான். ஒட்டிவிட்டால் நாள் முடிந்துவிடும். ஆனால் சிவகலாவின் கண் ஒரு படத்திலேயே நின்றது. பத்தில் ஒன்றுக்கு மட்டும் கண்ணில்லை. தியோவிடம் தான் விலக்கியது இடக்கை என்று இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பிள்ளை எந்தக் கையை நீட்டுகிறதோ அதை மாற்றாதே என்று ஆராவில் படித்து, பரீட்சையிலும் எழுதியிருக்கிறாள். எழுதிய கைதான் இன்று மாற்றியது.

"வேண்டாம். நான் பொறுப்பாளரிட்டப் போய்ச் சொல்லிப்போட்டு வாறன்."

"ஐயோ அக்கா, விசரோ உங்களுக்கு? அவ இன்னும் முடிவெடுக்கேல்லை!"

"எடுக்க முதல்தான் சொல்லோணும்."

பொறுப்பாளர் பியூர்கி அம்மையார் அலுவலக அறையில் இருந்தார். சிவகலா ஜெர்மனில் நடந்ததைச் சொன்னாள். ஒரு பையனின் கையைத் தான் மாற்றிவிட்டதாகவும், அது பழக்கத்தில் வந்த பிழை என்றும், ஐந்து படங்களைத் திரும்பச் செய்ய அரைமணி வேண்டும் என்றும் சொல்லி நிறுத்தினாள்.

அம்மையார் பதில் சொல்லவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஏரிமேல் மூட்டம் கிடந்தது. முந்தைய இரண்டு இடங்களிலும் இப்படியான மௌனம் வந்தபோது சிவகலா பதறி, மன்னிப்பும் விளக்கமுமாக அதை நிரப்பியிருந்தாள். இன்று நிரப்பவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. மௌனம் இப்போது அம்மையாருடையது. அவரே வைத்திருக்கட்டும் என்று நின்றாள்.

"அரைமணி," என்றார் கடைசியில். "மேசையும் சுத்தமாக இருக்க வேண்டும்."

தியோவைத்தான் முதலில் கூப்பிட்டாள். அவன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். அவளும் கையைக் கேட்கவில்லை. தன் இடக்கையில் தானே வண்ணம் பூசித் தாளில் அழுத்தினாள். பெரியதொரு வான்கோழி, எதிர்ப்பக்கம் பார்த்தபடி எழுந்தது.

அவன் அதை நெடுநேரம் பார்த்தான். பிறகு இடக்கையை நீட்டினான். காய்ந்ததும் பேனையை அவனே எடுத்து, தலையை நிறைக்கிற அளவுக்கு ஒரு கண் கீறினான்.

"அம்மாடி! உது எல்லாத்தையும் பாக்கும்," என்றாள் ஜெனனி.

இன்னும் நாலு பிள்ளைகள் இடக்கை வைத்தார்கள். நாலு மணிக்குக் கதவு திறந்தபோது இரண்டு பக்கத்துக் கோழிகளும் கதவைப் பார்த்தே நின்றன. தியோவின் தாய் படத்தை நிமிர்ந்து பார்த்து, "இது அவன் கைதான்," என்று சொல்லிக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டாள். பியூர்கி அம்மையார் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசிப் பிள்ளையும் போனபின் அவர் மேசையை விரலால் தடவிப் பார்த்தார்.

"திங்கட்கிழமை தொடங்க முடியுமா?"

ஜெனனி அவளுக்குப் பின்னால் மூச்சை இழுப்பது கேட்டது.

"முடியாது," என்றாள் சிவகலா. "இப்போதைய வேலையை விட மூன்று மாத முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். மார்ச் முதலாம் திகதி வருகிறேன்."

மறுபடியும் மௌனம். அவள் அசையாமல் நின்றாள்.

"மார்ச்," என்று சொல்லி அம்மையார் நாட்குறிப்பைத் திறந்தார்.