பொன்னுக்கு வீங்கி

நாட்டு மக்கள் நெஞ்சில் பொறித்துக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. எண்பத்தைந்தாம் வருஷத்துக் கார்த்திகையில் அரசாங்கத்தின் கருணை ஜீப்பில் ஏறி, கோலியனூர் தாண்டி, சேற்றில் சிக்கி மீண்டு, விருத்தாசலத்தின் வீடு தேடி வந்துகொண்டிருந்தது. அதை வாய் திறந்து வரவேற்கும் நிலையில்தான் விருத்தாசலம் இருந்தார். அந்த வாயைத்தான் மூட முடியவில்லை.

மருமகள் அம்சா துண்டை அவர் மோவாய்க்கு அடியில் கொடுத்து உச்சந்தலையில் முடிந்துகொண்டிருந்தாள். முடிச்சு நழுவிக்கொண்டே இருந்தது.

"ஜல்தியா கட்டுடி" என்றான் அவள் புருஷன் கண்ணையன். "கேட்டா பொன்னுக்கு வீங்கின்னு சொல்லிக்கலாம். ஒட்டிக்கும்னு கிட்டயே வரமாட்டான்."

விடிகாலையில் போன உயிர். மாமியார் தையல்நாயகி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அடுப்பங்கரையில் கிடந்தாள். போன வெள்ளத்தில் செத்தவர்கள் பலர் கையெழுத்துப் போட்டு உதவி வாங்கிவிட்டார்களாம். அதனால் இந்தத் தடவை பட்டாதாரரைக் கண்ணால் பார்த்தால்தான் பயிர் நிவாரணம் என்று உத்தரவு. பூக்கிற நேரத்து மழையில் நெல்லெல்லாம் மணி பிடிக்காமல் சாவியாகிப் போயிருந்தது. நிவாரணம் வராவிட்டால் மார்கழிப் பட்டத்துக்கு மல்லாட்டை விதை கிடையாது, நிலம் தரிசுதான். ஆகவே ஜீப் திரும்பிப் போகிறவரை மாமனார் உயிரோடு இருந்தாக வேண்டும்.

அதிகாரி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"இந்த வயசுல பொன்னுக்கு வீங்கியா?"

"சின்ன வயசுல வர்லீங்க. இப்ப வந்துக்குது" என்றான் கண்ணையன்.

"கழுத்துல பொன் சங்கிலி போடுவாங்களே, எங்க?"

"அது அடகுல இருக்குதுங்க."

அதிகாரி சிரித்தார். கண்ணையனும் சிரித்தான், கொஞ்சம் அதிகமாகவே. அம்சா விசிறிக்கொண்டே இருந்தாள். ஓர் ஈ வந்து மாமனாரின் இமைமேல் உட்கார்ந்தது. இமை அசையவில்லை. ஓங்கி விசிறினாள். அது எழும்பி, சாவகாசமாக அதே இடத்துக்குத் திரும்பியது. அதிகாரியும் அந்த ஈயைத்தான் பார்க்கிறார் என்று தோன்றியது.

"என்ன பெரியவரே, தூக்கமா?"

"காது கேக்காதுங்க" என்றான் கண்ணையன் அவசரமாக.

"சரி, நீ சொல்லும்மா." அதிகாரி பேனாவைத் திறந்துகொண்டு அம்சாவைப் பார்த்தார். "மொத்தமும் சாவியா? இல்ல, ஏதாச்சும் தேறுமா?"

அம்சாவின் காதில் 'சாவு' மட்டும்தான் விழுந்தது. அதிகாரிக்குச் சங்கதி தெரிந்துபோயிற்று என்று நினைத்தாள்.

"தேறாதுங்க" என்றாள், ஈயைப் பார்த்தபடி. "விடிகாலையே போயிட்டாரு."

விசிறி நின்றது. அடுப்பங்கரையில் காலையிலிருந்து அடைபட்டுக் கிடந்த ஓலம் வெடித்துக்கொண்டு கிளம்பியது.

அதிகாரி கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தார். பேனாவை மூடினார்.

"நான் நெல்லைக் கேட்டேம்மா."

வாரிசு சர்டிபிகேட்டோடு தாலுகா ஆபீசுக்கு வரும்படி சொல்லிவிட்டு அவர் ஜீப்பில் ஏறினார். அது கைக்கு வருவதற்குள் இன்னொரு வெள்ளம் வந்துவிடும் என்று கண்ணையனுக்குத் தெரியும். அவன் அம்சாவைத் திட்டக்கூட இல்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஜீப் போன பாதையில் சக்கரத்தடங்களில் தண்ணீர் ஊறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஓலம் கேட்டுப் பக்கத்து வீட்டு அஞ்சம்மாள் வெள்ளைத் துணியைக் கிழித்துக்கொண்டே ஓடிவந்தாள். பெரியவரின் முகத்தருகே குனிந்தாள். நிமிர்ந்து அம்சாவைப் பார்த்தாள்.

தாடைக்கட்டு ஏற்கெனவே கட்டியிருந்தது.