முதல் பக்கத்தில் இருந்த திருடன்

அழைப்பு மணியில் யாரோ விரலை ஊன்றிக்கொண்டு நின்றார்கள். வீடே அலறியது.

"வர்றேன், வர்றேன்! கதவு என்ன ஓடியா போயிடும்?" என்று ஜட்ஜம்மா போய்த் திறந்தாள்.

வெளியே திருச்சபைப் பத்திரிகையின் ஆசிரியர். தலையில் ஹெல்மெட், கக்கத்தில் ஒரு காகிதக் கட்டு.

ஜட்ஜம்மா கோர்ட்டுப் பக்கம்கூடப் போனதில்லை. வங்கியில் வேலை. சபையில் எந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலும் கடைசி வார்த்தை அவளுடையதாகத்தான் இருக்கும். அதனால் வந்த பெயர். பத்திரிகைக்கு வரும் தொடர்கதைகளை எழுதியவர் பெயரை மறைத்து அவளுக்குத்தான் அனுப்புவார்கள். அவள் சரி என்றால் அச்சில் வரும். இல்லையென்றால் திரும்பிப் போகும்.

"ஸ்தோத்திரம் சிஸ்டர். மத்தியானத்துக்குள்ள அச்சகத்துக்குக் கதை போகணும். உங்க கருத்துல ஒரு சின்ன சந்தேகம்."

"என் கருத்துலயா?" ஜட்ஜம்மா சிரித்தாள். "உட்காருங்க பிரதர்."

கூடத்தின் மூலையில் அவளுடைய நாத்தனார் யூனிஃபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நர்ஸ். மதியம் டியூட்டி. ஆசிரியரைப் பார்த்ததும் தலையை மட்டும் அசைத்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

"சஸ்பென்ஸ்னா என்ன பிரதர்? முடிவு தெரிஞ்ச பிறகும் நம்மள இழுத்துட்டுப் போகணும். அதுதான் சஸ்பென்ஸ். உருவகக் கதைன்னா அதுக்கும் ஒரு நாசூக்கு வேணும். ஒருத்தன் நெத்தியில 'விசுவாசம்', இன்னொருத்தன் நெத்தியில 'சோதனை'ன்னு சீட்டு ஒட்டி நடக்கவிட்டா அது கதையா? நாடக ஒத்திகை!"

"அண்ணி ஆரம்பிச்சுட்டாங்க. பிரதர், ஹெல்மெட்டைக் கழட்டிடாதீங்க" என்றாள் நாத்தனார். குரலில் வழக்கமான துள்ளல் இல்லை.

ஆசிரியர் ஜட்ஜம்மா கருத்து எழுதி அனுப்பியிருந்த தாளை எடுத்து வாசித்தார். "'ஊரில் வாசல்விளக்குகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. ஊரின் எஜமான் கர்த்தர்தான் என்பது பச்சைப்பிள்ளைக்கும் புரிகிறது. ஆனால் திருடன் யார் என்று கடைசி வரை சொல்லாமல் கதாசிரியர் நம்மை ஏமாற்றிவிட்டார். இவர் பேனாவை மூடிவிட்டு ஜெபிக்கப் போகலாம்.'"

கடைசி வரியை எழுதியபோது ஜட்ஜம்மாவுக்குத் தன்மேலேயே ஒரு பெருமிதம் வந்திருந்தது. இப்போது இன்னொருவர் வாயால் கேட்டபோது கொஞ்சம் காரமாகத்தான் இருந்தது.

"முழுக்கப் படிச்சீங்களா சிஸ்டர்?"

"பின்னே? படிக்காமயா எழுதுவேன்?"

"திருடன் யாருன்னு சொல்லவே இல்லையா?"

"கடைசி அத்தியாயத்துல எஜமான் புது விளக்கை எடுத்துட்டு அவன் வீட்டுக்குப் போறார். 'அவன்', 'அவன்'னுதான் வருது. எவன்?"

ஆசிரியர் கட்டைப் பிரித்து முதல் பக்கத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

'விளக்குகளைத் திருடியவன் காவற்காரன். அது தெரிந்தும் எஜமான் ஒவ்வொரு மாலையும் சாவியை அவன் கையிலேயே கொடுத்தார்.'

முதல் வரி! திருடன் யார் என்பது ரகசியமே இல்லை. தெரிந்தும் ஏன் கொடுத்தார் என்பதுதான் கதை.

ஜட்ஜம்மாவின் காதுமடல் சுட்டது. எந்தக் கதை வந்தாலும் கடைசி அத்தியாயத்தை முதலில் படிப்பது அவள் வழக்கம். முடிவு பிடித்தால்தான் முதல் பக்கத்துக்குப் போவாள். இந்த முடிவு பிடிக்கவில்லை. நடுவில் நாலு பக்கம் புரட்டியதோடு சரி.

கண்ணாடி மாறிப்போச்சு என்று சொல்லலாம். காய்ச்சல் என்று சொல்லலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் முகம் தெரியாத யாரோ ஒருவர், ராப்பகலாக எழுதிய கதை அச்சில் வருமா என்று காத்திருப்பார். இவள் சமாளித்துவிட்டால் அது இன்றைக்கே திரும்பிப் போகும். கூடவே அந்த 'ஜெபிக்கப் போகலாம்' வரியும் போகும்.

"படிக்கல பிரதர்." குரல் அவளுக்கே கேட்கவில்லை. "கடைசி அத்தியாயம் மட்டும்தான் படிச்சேன். பொய் சொல்லிட்டேன்."

மூலையில் இஸ்திரிப்பெட்டி துணிமேல் அசையாமல் நின்றது. பொசுங்கும் வாசனை வந்ததும் நாத்தனார் வெடுக்கென்று தூக்கினாள்.

ஜட்ஜம்மா தன் தாளை வாங்கி நாலாகக் கிழித்தாள். "மத்தியானத்துக்குள்ள முழுசும் படிச்சுச் சொல்றேன். இதுவரைக்கும் நான் வேண்டாம்னு திருப்பி அனுப்பினதையும் வேற யார்கிட்டயாவது கொடுத்துப் படிக்கச் சொல்லுங்க."

ஆசிரியர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மூலையைப் பார்த்தார். கட்டை மேஜைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கினார்.

ஜட்ஜம்மா கதவைச் சாத்தி அதன்மேலேயே சாய்ந்துகொண்டாள். "நல்லா கேட்டியா உங்க அண்ணி லட்சணத்தை? அந்த வரியைக் கதை எழுதினவங்க பார்த்திருந்தா என்ன பாடுபட்டிருப்பாங்க? அவங்க முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

நாத்தனார் பொசுங்கிய யூனிஃபார்மை மடிக்கத் தெரியாதவள்போல மடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் எழுதினதுன்னு பிரதர் வேற யாருக்காவது அனுப்பப் பார்த்தார், உங்களுக்கே அனுப்பச் சொன்னது நான்தான் அண்ணி... வேற யார்கிட்ட போனாலும் பாதியில போட்டுடுவாங்க, எங்க அண்ணின்னா ஒரு வரி விடாம படிப்பாங்கன்னு."