டயாலிசிஸ் இல்லாத நாள்

காலை ஏழு நாற்பதுக்கு அவள் கையிலிருந்து கடைசிக் குழாய் ரத்தத்தை எடுத்தார்கள். பஞ்சை வைத்து அழுத்திய நர்ஸ், சோதனைகள் எல்லாம் முடிந்தன, இனி நாளைக் காலை ஆலோசகரைப் பார்த்தால் போதும் என்றாள். அதுவரை என்ன செய்வது என்று அவள் கேட்டாள். ஊரைச் சுற்றிப் பாருங்கள் என்றாள் நர்ஸ்.

வெளியே பெஞ்சில் தம்பி காத்திருந்தான். முழுக்கைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரியிருந்தான். அன்று அவனுக்கு டயாலிசிஸ் இல்லாத நாள். மேல்தளம் திறந்த சுற்றுலா பஸ்ஸுக்கு இரண்டு டிக்கெட் எடுத்து வைத்திருந்தான். அந்த டிக்கெட்டில் எங்கே வேண்டுமானாலும் இறங்கிக்கொள்ளலாம், அடுத்து வரும் பஸ்ஸில் ஏறிக்கொள்ளலாம்.

“இத்தனை வருஷமா இந்த ஊர்ல இருக்கேன், இதுல ஏறினதே இல்லக்கா,” என்றான். “உன் புண்ணியத்துல இன்னிக்குத்தான்.”

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். சாதாரணமாகத்தான் சொல்லியிருந்தான்.

முந்தின நாள் ஆலோசகர் அவளைத் தனியே ஒரு சின்ன அறைக்கு அழைத்துப் போயிருந்தார். மேசை, இரண்டு நாற்காலி, மூடிய ஜன்னல். நாளை மறுநாள் இதே அறையில் உங்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பேன் என்றார். உங்கள் சிறுநீரகத்தைத் தம்பிக்குக் கொடுக்க மனதார சம்மதமா என்று. சம்மதம் இல்லையென்றால் அது இந்த அறையைத் தாண்டாது. உடல் ஒத்துவரவில்லை என்று நாங்களே உங்கள் வீட்டாரிடம் சொல்லிவிடுவோம். யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது. சொல்லிவிட்டு ஆலோசகர் அவள் கையைத் தட்டிக்கொடுத்தார்.

அதுவரை அவளிடம் யாரும் கேட்டிருக்கவில்லை. அம்மாவுக்கு வயது கடந்துவிட்டது. நடுவில் பிறந்தவனுக்குச் சர்க்கரை. மிச்சம் இருந்தவள் இவள். அம்மா போனில் சொன்னது, துணிமணி எடுத்து வை பெரியவளே, டிக்கெட் போட்டாச்சு என்பதுதான். கணவன், உன் தம்பி, உன் உடம்பு, நடுவுல நான் யாரு என்றான். அன்று இரவு சாப்பிடாமல் படுத்தான். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டும் மேசையில் அவளுக்கு வேலை. துணிச் சுருளைத் தூக்கித்தான் ஆக வேண்டும். இனி யார் தூக்குவது என்று மேற்பார்வையாளர் கேட்டார். அது ஒன்றுதான் அவளிடம் யாராவது கேட்ட கேள்வி.

தம்பியும் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லலாம். கேட்காதவனிடம் எப்படிச் சொல்வது?

பஸ்ஸின் மேல்தளத்தில் முன்வரிசை கிடைத்தது. ஒவ்வொரு இருக்கையிலும் காதில் மாட்டிக்கொள்ளும் கருவி இருந்தது. அதில் ஒரு பெண் குரல் ஊரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தது. மணிக்கூண்டு வந்தபோது அதை எந்த ராஜா கட்டினான் என்று சொன்னது. தம்பி அவள் காதிலிருந்து கருவியைக் கழற்றினான்.

“ராஜா கட்டினானாம். ஒரு செங்கல்லாவது தூக்கியிருப்பானா? அதை விடுக்கா, பின்னாடி பாரு. அந்தப் பெரிய கட்டடம், மேல இருந்து ரெண்டாவது வரிசை. ஒரு கண்ணாடி மட்டும் லேசா பச்சையா தெரியுதா?”

தெரிந்தது.

“நான் போட்டது. பழைய சரக்கு கெடைக்கல. யாருக்கும் தெரியாதுன்னாரு மேஸ்திரி. எனக்கு இந்தப் பக்கம் வந்தாலே கண்ணு அங்கதான் போகும்.”

அவன் கட்டடங்களுக்குக் கண்ணாடி பொருத்துகிறவன். நோய் வந்த பிறகு உயரத்தில் ஏறக் கூடாது என்று கீழே பட்டறையில் உட்கார வைத்துவிட்டார்கள். பச்சைக் கண்ணாடியைப் பார்த்த பிறகு அவளுக்குக் காதுக் கருவி தேவைப்படவில்லை. பஸ் பாலத்தைக் கடந்தது, நீதிமன்றத்தைக் கடந்தது, துறைமுகத்தின் ஓரமாகப் போனது. மற்றவர்கள் சிலைகளைப் படம் எடுத்தார்கள். இவர்கள் இருவரும் ஜன்னல்களைப் பார்த்தார்கள். இந்த வங்கியின் வாசல் கதவு. அந்த ஓட்டலின் மாடிப்படித் தடுப்பு. ஒரு கட்டடத்தைக் காட்டி, அங்கே ஒரு நாள் காற்று வீசியதில் உயரத்தில் கண்ணாடியோடு சேர்ந்து தானும் சுழன்றுவிட்டதாகச் சொன்னான். அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். இதையெல்லாம் வீட்டில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். சொல்லியிருந்தால் அம்மா அந்தக் கட்டடத்தையே இடிக்கச் சொல்லியிருப்பாள் என்றான்.

அவள் சிரித்தாள். சிரித்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது தெரிந்தது. வெயில் ஏறியிருந்தது. தம்பிக்கு நாளுக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு உண்டு. ஒரு சின்ன பிளாஸ்கில் ஐஸ் கட்டி வைத்திருந்தான். வாய் வறண்டால் ஒன்றை எடுத்து நாக்கின் அடியில் அடக்கிக்கொள்வான். அவன் எதிரே குடிக்க அவளுக்கு மனம் வரவில்லை. காலையிலிருந்து ஒரு வாய் குடிக்கவில்லை.

அருங்காட்சியகத்தில் இறங்கினார்கள். முதல் கூடத்தைப் பார்ப்பதற்குள் அவனுக்கு மூச்சு வாங்கியது. நீ போய்ப் பார்த்துட்டு வா, நான் இந்த யானைக்குக் காவல் இருக்கேன் என்று யானை எலும்புக்கூட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் நாணயங்கள் இருந்த அறையையும் ஆயுதங்கள் இருந்த அறையையும் நிற்காமல் கடந்தாள். கழிப்பறைக்கு வெளியே ஒரு குழாய் இருந்தது. குனிந்து கையால் ஏந்திக் குடித்தாள். வயிறு நிறையும் வரை குடித்தாள். நிமிர்ந்தபோது தம்பி வாசல் ஓரத்தில் நின்றிருந்தான்.

திருடி அகப்பட்டவள் மாதிரி அவள் வாயைத் துடைத்தாள்.

“என் முன்னாடியே குடிக்கா,” என்றான். “நீ குடிக்கறதப் பாத்தா எனக்கும் பாதித் தாகம் தீரும்.”

மதியம் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தார்கள். அவன் தனக்கு மட்டும் உப்பு போடாமல் கேட்டு வாங்கினான். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சொன்னவன் தன் டாக்டரிடம் மாட்டியிருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டான். சட்டைக் கையை மடித்தபோது இடக்கை வெளியே தெரிந்தது. ஊசி போட்டுப் போட்டு ரத்தக்குழாய் தாம்புக்கயிறு போலப் புடைத்து, முழங்கைக்குக் கீழே முறுக்கிக் கிடந்தது. பக்கத்து மேசைக் குழந்தை அதையே பார்த்தது. அவன் கையை இறக்கிக்கொண்டான்.

அப்போது அம்மாவின் போன் வந்தது. எல்லாம் முடிந்ததா, ஆபரேஷன் தேதி சொல்லிவிட்டார்களா என்று கேட்டாள். இல்லை, நாளைக்குத்தான் என்றாள் இவள். சித்திக்கும் மாமாவுக்கும் சொல்லியாகிவிட்டது என்றாள் அம்மா. எல்லோரும் உன்னைத்தான் பேசிக்கொள்கிறார்கள். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது சரியாகத்தான் இருக்கிறது என்றாள். உன் மகள் பள்ளிக்கூடம் போயிருக்கிறாள், நேற்று ராத்திரி மட்டும் அழுதாள் என்றாள். ஏன் அழுதாள் என்று இவள் கேட்டாள். அது சின்னப்பிள்ளை, ஒண்ணு போனா மிச்சம் ஒண்ணும் கெட்டுப்போயிட்டா அம்மா என்ன பண்ணுவான்னு யாரோ பள்ளிக்கூடத்தில் கேட்டார்களாம், நீ அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாதே என்றாள் அம்மா.

போனை வைத்ததும், அம்மா என்ன சொன்னாள் என்று தம்பி கேட்டான். சாப்பிட்டியான்னு கேட்டா என்றாள். நாளை அந்த அறையில் என்ன சொல்லப்போகிறோம் என்பது அவளுக்கு அப்போது தெரிந்துபோனது. ஒத்துவரவில்லை என்று மருத்துவமனைக்காரர்களே சொல்லிவிடுவார்கள். தம்பி வருத்தப்படுவான், அவளைத் தப்பாக நினைக்க மாட்டான். அம்மா அழுவாள், யாரையும் திட்ட மாட்டாள். மீதிச் சோற்றை அவள் முழுவதும் சாப்பிட்டாள். பல நாளாக அப்படிச் சாப்பிட்டதில்லை.

பிற்பகலில் கோபுரத்துக்குப் போனார்கள். ஊரிலேயே உயரமான கட்டடம். உச்சித் தளத்தில் சுற்றிலும் கண்ணாடி. ஓரிடத்தில் தரையும் கண்ணாடி. பிள்ளைகள் அதில் குப்புறப் படுத்துக் கீழே ஊர்ந்த வண்டிகளைப் பார்த்தார்கள். அவள் விளிம்போடு நின்றுகொண்டாள். தம்பியும் ஏறவில்லை.

“இது எங்க ஆளுங்க போட்டதில்ல,” என்றான். “அதனால எனக்கும் நம்பிக்கை இல்ல.”

இருவரும் சுவரோரக் கண்ணாடி அருகே நின்றார்கள். அங்கிருந்து மருத்துவமனை தெரிந்தது. தம்பி விரலால் காட்டி, டயாலிசிஸ் வார்டு எந்த மாடி என்று சொன்னான். பிறகு பக்கத்துப் படுக்கைக்காரரைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். அவரை எல்லோரும் வாத்தியார் என்பார்களாம். பள்ளிக்கூடத்துக்கே போகாதவர். ஆனால் யார் என்ன பேசினாலும் குறுக்கே விழுந்து திருத்துவார். டாக்டரையே திருத்தியிருக்கிறார். ஊசி குத்தும்போது வலிக்குமா என்று புதிதாக வந்தவன் கேட்டால், வலிக்காது, வலி தெரியும் என்பார்.



“அவரோட மகன் குடுக்கறதா இருந்துது. எல்லா டெஸ்டும் எடுத்தாங்க. ஒரு நாள் டாக்டர் வந்து, ஒத்துவரலைன்னு சொல்லிட்டுப் போனாரு. நெஜமாவே ஒத்துவரலைன்னா எது ஒத்துவரலைன்னு ரிப்போர்ட்ட வச்சுக்கிட்டு வெளக்குவாங்கக்கா. ரிப்போர்ட்டு இல்லாம சும்மா வாயால சொன்னாங்கன்னா, அந்த ரூம்ல குடுக்க வந்தவங்க முடியாதுன்னு சொல்லிட்டாங்கன்னு அர்த்தம். வார்டுல எல்லாருக்கும் தெரியும். அந்த ஆலோசகரம்மாவுக்கு மட்டும் எங்களுக்குத் தெரியும்னு தெரியாது.”

அவன் கண்ணாடியைப் பார்த்தே பேசினான். விளிம்பில் ஒட்டியிருந்த பசையை நகத்தால் சுரண்டினான்.

“வாத்தியார் மகன்கிட்ட ஒண்ணும் காட்டிக்கல. பாவம், நீ என்ன பண்ணுவேன்னாரு. அவன்தான் அதுக்கப்புறம் வர்றதே இல்ல. வந்தாலும் வாசல்ல நின்னுட்டுப் போயிடுவான். போன வாரம் வாத்தியார் சொன்னாரு, கிட்னி வரலைன்னா போகட்டும்டா, இருந்த புள்ளையும் போயிட்டானேன்னு.”

அவளுக்குக் கால் கூசியது. நின்றிருந்தது கெட்டித் தரையில்தான். தம்பி இதை ஏன் சொன்னான் என்று யோசித்தாள். போகிற போக்கில் சொன்னானா? கதவைச் சாத்தினானா, இல்லை திறந்துவிட்டானா? அவன் முகத்தில் ஒன்றும் இல்லை. காலையில் பச்சைக் கண்ணாடியைக் காட்டியபோது இருந்த அதே முகம்தான்.

அந்தப் பையனுக்கு என்ன வயது இருக்கும் என்று கேட்டாள். உன் வயசுதான் இருக்கும் என்றான் தம்பி.

லிப்டில் கூட்டம். ஒருவரும் ஒருவரையும் பார்க்காமல் எண்கள் குறைவதைப் பார்த்தார்கள். கீழே இறங்கியதும் அவன் களைத்துப்போனான். நிழலில் உட்கார வைத்து, பிளாஸ்கிலிருந்து ஐஸ் கட்டி எடுத்துக் கொடுத்தாள். அது பாதி கரைந்திருந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். கணுக்காலில் செருப்பு வார் பதிந்து குழி விழுந்திருந்தது. அதில் அவள் விரலை வைத்து அழுத்தினாள். குழி மேலே எழும்ப வெகுநேரம் ஆனது. சின்ன வயதில் அவனுக்குச் செருப்பு மாட்டிவிட்டது அவள்தான். அப்போதும் வலிக்கிறது என்று சொல்ல மாட்டான். வார் அறுந்த பிறகுதான் தெரியும்.

ஐந்து மணி பஸ் வந்தது. மேல்தளம் அநேகமாகக் காலி. வெயில் தாழ்ந்து எல்லா ஜன்னல்களும் மின்னின. எந்தக் கண்ணாடி யார் போட்டது என்று இப்போது சொல்ல முடியாது. தம்பி அப்போதும் ஒன்றைக் காட்டினான். அந்த நூலகத்தின் கூரையைத்தான் கடைசியாக மேலே ஏறிப் போட்டது என்றான். நல்லா இருக்கு என்றாள் அவள். அடுத்த நிறுத்தம் மருத்துவமனைக்கானது என்று பெண் குரல் அறிவித்தது. அதற்குப் பின்னால் இருந்த பழைய தேவாலயத்தைப் பற்றியும் சொன்னது.

அவன் எழுந்திருக்கக் கம்பியைப் பிடித்தான். அவள் அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். பஸ் நின்றது. பின்னாலிருந்த இருவர் இறங்கிப் போனார்கள்.

“எறங்கணும்க்கா.”

“எறங்கலாம். உக்காரு.”

உட்கார்ந்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. எதிரே மருத்துவமனை வாசலில் ஆட்கள் போவதும் வருவதுமாக இருந்தார்கள். பஸ் கிளம்பி அந்த வாசலைக் கடந்தது.

“அம்மா கேக்கல. வீட்டுல அவரும் கேக்கல. நாளைக்கு அந்தம்மா கேப்பாங்க, அவங்க யாரோ,” என்றாள். “நான் என்ன சொல்வேன்னு எனக்கே தெரியலடா. ஆனா நீ கேளு. உன் வாயால ஒரு தடவ என்கிட்ட கேளு.”