சம்பந்திக்குச் சொன்ன நாலு வார்த்தை

கிர்கிஸ்தானில், காரகோல் ஊரில் மினி பஸ் ஓட்டும் எசென்குலுக்கு எண்ணமெல்லாம் கிர்கிஸ் மொழியில்தான் வரும். வந்ததை ஆங்கிலத்தில் வெளியே தள்ளினால், கம்பளிக் கோட்டுப் போட்டுக்கொண்டு கிளம்பிய ஆள் வாசலில் வெறும் பனியனோடு நிற்கிற மாதிரி இருக்கும். அதனால் சில மாதங்களாக வண்டி ஓட்டும்போதெல்லாம் கண்ணாடியைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ரோட்டப் பாத்து ஓட்டுங்க. இங்கிலீஷ் வராம இதுவரைக்கும் யாரும் சாகல" என்றாள் ஒரு பயணி.

இங்கிலாந்துக்குப் படிக்கப் போன மகள் கான்ஷாயிம், அங்கேயே ஓவென் என்ற பையனைக் கட்டிக்கொள்ளப்போகிறாள். காரகோலில் பெண் வீட்டார் வைக்கும் விருந்துக்கு ஓவெனின் அம்மா ஹிலரி வருகிறாள். பந்தியில் ஒவ்வொருவராக எழுந்து பேசவேண்டும். பெண்ணின் அப்பா பேசுவதற்குத்தான் கனம் அதிகம். கண்காணாத ஊரில் மகளைத் தாங்கப்போகிறவள் இந்த அம்மாள்தானே? பேச்சு பிசகினால் மகள் கதி என்ன? எசென்குலுக்குச் சோறு இறங்கவில்லை.

"மனசுல இருக்கறது அப்படியே இங்கிலீஷ்ல வரணும். எப்படிம்மா?" என்று மகளிடம் கேட்டார்.

"நெனைக்கறதச் சொல்லிடுங்கப்பா. அங்க சொல்றதுதான் நெனைப்பு. அதுக்குப் பின்னால போய்த் தேட மாட்டாங்க."

அதெப்படி? அவர் நினைப்பது, 'இவள் என் உயிர், பத்திரம்' என்று. பெண்ணைக் கொடுக்கிற அப்பன் அதைச் சபையில் சொல்வானா? கண் பட்டுவிடாதா? மட்டம் தட்டித்தான் கொடுக்கவேண்டும். மிச்சத்தைக் கேட்கிறவர்கள் புரிந்துகொள்வார்கள்.

விருந்தில் ஹிலரிக்கு மரியாதையாக வேகவைத்த ஆட்டுத் தலையை வைத்தார்கள். அவள் அதைப் பார்த்தாள். அது அவளைப் பார்த்தது. எசென்குல் எழுந்தார். குதிரைப்பால் கிண்ணத்தை உயர்த்தி, ஆங்கிலத்தில் ஆரம்பித்தார்.

"எங்க பொண்ணு சோம்பேறி. சமைக்கத் தெரியாது. வாய் நீளம். தப்பு செஞ்சா நல்லாத் திட்டுங்க. ஒண்ணுக்கும் ஆகாத பொண்ணத்தான் உங்களுக்குத் தர்றோம்."

ஒரு சொல் பிசகவில்லை. ஆங்கிலம் தெரியாத சொந்தக்காரர்கள் திருப்தியாகத் தலையாட்டினார்கள். ஹிலரியின் முகம் மட்டும் குப்பென்று சிவந்தது. அவள் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். எசென்குல் கிண்ணத்தை இறக்கினார். கெடுத்துவிட்டேன், என் வாயாலேயே கெடுத்துவிட்டேன்.

"அப்பா பேசற பேச்சா இது?" ஹிலரி நிறுத்தி நிறுத்திப் பேசினாள், அவருக்குப் புரியவேண்டும் என்று. "இவளா சோம்பேறி? எனக்கு ஆபரேஷன் ஆனப்ப கூடவே இருந்து பாத்துக்கிட்டது யாரு? இவள யாரு குறை சொன்னாலும் நான் விடமாட்டேன். நீங்களா இருந்தாலும் சரி!" கான்ஷாயிமின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஐயோ, அப்பா அப்படி நெனைக்கல. நான் சொல்றேன், இருங்க…" என்று மகள் பதறினாள்.

"சொல்லாத" என்றார் எசென்குல் கிர்கிஸில். "இன்னும் கொஞ்சம் திட்டட்டும்."

மனைவி ரக்கியா அவர் விலாவில் இடித்தாள். "அந்தம்மா எதுக்கு இந்தக் கத்து கத்துது? திட்டு வாங்கிட்டு இளிக்கறீங்க! வீட்ல நான் குடுக்கறது பத்தலையா?"

ஹிலரி நிறுத்தவில்லை. பாதிதான் அவருக்குப் புரிந்தது. கொழுப்புள்ள துண்டாகத் தேடி எடுத்து அவள் தட்டில் வைத்தார். பாவம், பேசிப் பேசிக் களைத்துவிடக் கூடாதே.